பிளாஸ்டிகேஜ்: பேரிங் கேப்பை மூடுவதற்கு முன் வைத்துப் பார்க்க வேண்டிய மெழுகு இழை

டிராக்டரோ, லாரியோ, கிணற்று டீசல் என்ஜினோ, எதுவானாலும் சரி. கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றுகிற முக்கியத் தண்டை) இறக்கிப் புது ஷெல் பேரிங் (இரண்டு அரைவட்டப் பாதிகளாக வருகிற பேரிங்) போடும் வேலை உங்களுக்கு வந்தால், பேரிங் செட் வாங்கும்போதே ஒரு உறை பிளாஸ்டிகேஜும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பேரிங் செட் விலையோடும் கிராங்க் கிரைண்டிங் கூலியோடும் வைத்துப் பார்த்தால் இதன் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் பல பட்டறைகளில் இந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, பார்த்தவர்களிலும் பாதிப் பேர் "அதெல்லாம் கம்பெனிக்காரன் செய்வது, நமக்குக் கை பழக்கம் போதும்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பொருள் என்னவென்றால், மெழுகு மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக்கில் இழுத்த மெல்லிய இழை. அதன் தடிமன் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள், அதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. காகித உறைக்குள் வரும், நான் வாங்குவதில் அந்த உறையின் மேலேயே அளவுகோல் அச்சடித்திருக்கும், ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் மில்லிமீட்டர். இழையில் ஒரு துண்டை வெட்டி கிராங்க் ஜேர்னல் (தண்டில் பேரிங் உட்காருகிற வழவழப்பான பகுதி) மேல் வைத்து, பேரிங் கேப்பை (ஷெல்லின் ஒரு பாதியைத் தாங்கி போல்ட்டால் மூடுகிற மூடியை) போட்டு முழு டார்க்குக்கு (போல்ட்டுக்குச் சொன்ன முறுக்கு அளவுக்கு) முடுக்கி, மறுபடியும் கழற்றினால் இழை நசுங்கிப் பட்டையாக ஒட்டியிருக்கும். அந்தப் பட்டையின் அகலத்தை உறையில் இருக்கும் கோடுகளோடு ஒப்பிட்டால் ஷெல்லுக்கும் ஜேர்னலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு, ஒடுக்கமாக இருந்தால் இடைவெளி அதிகம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள், கவனம்.

சரி, இந்த இடைவெளிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பேரிங் என்றால் அது தண்டைத் தாங்குகிற உலோகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பால் பேரிங்குக்கு அது பொருந்தும். ஆனால் கிராங்க்கில் இருக்கிற ஷெல் பேரிங்கில் என்ஜின் ஓடும்போது தண்டை உலோகம் தாங்குவதில்லை, ஆயில்தான் தாங்குகிறது. ஜேர்னல் ஷெல்லைத் தொடவே கூடாது. தொடுகிற நேரம் என்ஜினை ஸ்டார்ட் செய்கிற, நிறுத்துகிற அந்தச் சில கணங்கள்தான். அந்த நேரத்தில் ஜேர்னலைக் காப்பாற்றத்தான் ஷெல்லின் மேல் அவ்வளவு மென்மையான உலோகம் பூசியிருக்கிறது. அதற்கு அப்புறம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலம்தான் பேரிங், ஷெல் அதற்கு ஒரு சுவர். இதைப் புரிந்துகொண்டால், அந்தப் படலத்துக்கு நாம் கொடுக்கிற இடத்தின் அளவுதான் பேரிங் வேலையின் உயிர் என்பதும் புரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 1880-களில் இங்கிலாந்தில் மெக்கானிக்கல் என்ஜினியர்கள் சங்கம் உராய்வு பற்றி ஆராய்ச்சி செய்யச் சொல்லி பியூசாம்ப் டவர் என்பவரிடம் வேலையைக் கொடுத்தது. அவர் ரயில் அச்சுக்குப் போடுகிற மாதிரி ஒரு பேரிங்கை வைத்துச் சோதித்தார், தண்டின் அடிப்பக்கம் ஆயில் தொட்டியில் நனைந்துகொண்டே சுற்றும், மேலே பித்தளை பேரிங் பாரத்தோடு உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஆயில் விடலாம் என்று அந்தப் பித்தளையின் உச்சியில் ஒரு ஓட்டை போட்டார்கள். ஓட விட்டால் அந்த ஓட்டை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார்கள், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடித்தார்கள், அதையும் மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. அப்புறம் அங்கே ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தினால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டிப் போனது, பேரிங் மேல் வைத்திருந்த பாரமோ அதே சதுர அங்குலக் கணக்கில் சராசரியாக 100 பவுண்டுதான். பம்பு எதுவும் கிடையாது. தண்டு சுற்றுகிற சுற்றிலேயே ஆயில் தன்னைத் தானே அழுத்தத்துக்கு ஏற்றிக்கொண்டு பாரத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டு, ஏன் இப்படி நடக்கிறது என்று சமன்பாடாகவே எழுதிவிட்டார். இன்றைக்கும் பேரிங் வடிவமைக்கிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

நடப்பது இதுதான். ஜேர்னலின் விட்டம் ஷெல்லின் உள்விட்டத்தை விடக் கொஞ்சம் சிறியது, அதனால் பாரம் அழுத்தும்போது தண்டு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் ஒரு புறம் இடைவெளி அகலமாகவும் போகப் போக ஒடுங்கியும் இருக்கும், ஆப்பு வடிவத்தில். ஆயில் தண்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் குணம் உள்ளது, எனவே சுற்றுகிற தண்டு ஆயிலை அந்த ஒடுங்கிய இடத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. போக இடமில்லாத ஆயில் அழுத்தத்தோடு தண்டைத் தூக்கிவிடுகிறது. மழையில் வேகமாகப் போகிற காரின் டயர் தேங்கிய தண்ணீர் மேல் ஏறி ரோட்டைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போகிறதே, அதே சங்கதிதான்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு குழப்பம் வரும். ஆயில் பம்பு கொடுக்கிற பிரஷர்தான் கிராங்க்கைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பம்பு கொடுப்பது மூன்று, நான்கு கிலோ பிரஷர். சிலிண்டருக்குள் டீசல் எரிகிற நேரத்தில் பிஸ்டன் வழியாக பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கிற பேரிங்) மேல் விழுகிற அடிக்கு அந்த மூன்று கிலோ எந்த மூலைக்கு? படலத்துக்குள்ளே சுற்றினால் உண்டாகிற பிரஷர் பல நூறு கிலோ இருக்கும், அதுதான் தாங்குகிறது. பம்பின் வேலை அந்த இடத்துக்கு ஓயாமல் ஆயிலைக் கொண்டுவந்து சேர்ப்பது, அத்தோடு ஓரத்தில் வழிந்து வெளியேறுகிற ஆயில் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்படி செய்வது.

இப்போது இடைவெளிக்கு வருவோம். பட்டறைகளில் காலம் காலமாகச் சொல்கிற கணக்கு, தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 மி.மீ. ஜேர்னல் என்றால் சுமார் 0.06 மி.மீ. இது கண்மதிப்புக் கணக்கு மட்டும்தான், உங்கள் என்ஜினுக்கு உரிய அளவை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். இதைவிட இறுக்கமாகப் போனால் ஆயில் போதுமான அளவு உள்ளே வந்து போகாது, சூடு தங்கும், சூட்டில் ஆயில் நீர்த்துப் படலம் மெலியும், கடைசியில் ஷெல் ஜேர்னலில் ஒட்டிக்கொண்டு சுற்றி கிராங்க்கையே தின்றுவிடும். தளர்வாகப் போனால் வேறு மாதிரி. ஆயில் ஓரத்தில் வழிந்து போய்விடும், அதுவும் இடைவெளிக்கு நேர்விகிதத்தில் அல்ல, அதன் கன விகிதத்தில். இடைவெளி இரண்டு மடங்கு ஆனால், அதே ஆயில் அதே பிரஷரில் எட்டு மடங்கு வழியும். நான்கு மெயினும் (கிராங்க்கை பிளாக்கில் தாங்குகிற பேரிங்) மூன்று பிக் எண்டும் உள்ள ஒரு மூன்று சிலிண்டர் டிராக்டர் என்ஜினில் ஒரே ஒரு மெயின் தளர்ந்திருந்தாலே மற்ற எல்லாவற்றுக்கும் போக வேண்டிய ஆயிலை அது குடித்துவிடும். ஆயில் லைட் ஐடிலில் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, பம்பை மாற்றினேன், ரிலீஃப் வால்வை மாற்றினேன், ஆயில் கிரேடை மாற்றினேன், சரியாகவில்லை என்று வருகிற வண்டிகளில் நிறைய இந்த வகைதான்.

பிளாஸ்டிகேஜில் நிறத்தை வைத்து அளவு பிரித்திருக்கிறார்கள். பச்சை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை, சிவப்பு 0.051 முதல் 0.152 வரை, நீலம் 0.102 முதல் 0.229 வரை. அதற்கும் மேலே போனால் மஞ்சள் இருக்கிறது. கார், டிராக்டர், சின்ன லாரி என்ஜின்களுக்குப் பெரும்பாலும் பச்சையிலேயே வேலை முடிந்துவிடும். பச்சை இழை வைத்துப் பார்த்து அது கொஞ்சமும் நசுங்காமல் அப்படியே வட்டமாக வந்தால், இடைவெளி 0.076-ஐ விட அதிகம் என்பது அப்போதே தெரிந்துவிடும், அது சிவப்பை எடுக்கிற நேரம்.

பயன்படுத்தும் விதம் எளிது, ஆனால் அந்த எளிமையில்தான் ஏமாற்றமும் இருக்கிறது. முதலில் ஜேர்னலையும் ஷெல்லையும் ஆயில் பிசுக்கில்லாமல் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், இந்த மெழுகு ஆயிலில் கரையக்கூடியது. ஷெல்லின் முதுகும் அது உட்காருகிற இடமும் அதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே ஒரு மண் துகளோ ஒரு இரும்புச் சீவலோ இருந்தால், அது ஷெல்லை உள்ளே தள்ளி, அந்த இடத்தில் மட்டும் இடைவெளியைக் குறைத்துவிடும். இழையை ஜேர்னலின் நீளவாக்கில், அதாவது அச்சுக்கு இணையாக, ஷெல்லின் அகலம் முழுக்க வருகிற மாதிரி, ஆயில் ஓட்டையைத் தவிர்த்து, கேப்பின் நடுப்பகுதிக்கு அருகே வைக்க வேண்டும். ஷெல்லின் இரண்டு பாதிகளும் சேர்கிற ஓரத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, ஏனென்றால் ஷெல் அந்த ஓரங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும், அங்கே வருகிற அளவு உங்களை ஏமாற்றும். பிறகு கேப்பைப் போட்டு டார்க் ரெஞ்ச்சால் மேனுவலில் சொன்ன முழு டார்க்குக்கு, படிப்படியாக முடுக்க வேண்டும். கை அளவில் முடுக்கிப் பார்ப்பது வீண். ஷெல்லின் இரண்டு பாதிகளும் வீட்டை (அவை உட்காருகிற வட்ட இடத்தை) விட ஒரு பொட்டு உயரமாகவே செய்யப்பட்டிருக்கும், முழுதாக முடுக்கினால்தான் அந்த உபரி அழுந்தி ஷெல் தன் வட்டத்துக்கு வந்து முதுகு ஒட்டி உட்காரும். ஷெல் சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வதும் இந்த அழுத்தம்தான். ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன நாக்குதான் ஷெல்லைச் சுற்றாமல் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. அது ஷெல்லைச் சரியான இடத்தில் வைப்பதற்கு மட்டும்தான். இடைவெளி தளர்ந்திருக்கிறது என்று கேப்பை அரத்தில் தேய்க்கிற, அல்லது ஷெல்லின் முதுகில் காகிதமோ தகடோ வைக்கிற பழக்கம் எங்கே இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். தேய்த்தால் வீடு நீள்வட்டமாகிவிடும், தகடு வைத்தால் ஷெல்லின் சூடு வெளியே போகிற வழி அடைபட்டுவிடும்.

இழை உள்ளே இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றக் கூடாது. சுற்றினால் மெழுகு இழுபட்டுப் பூசிக்கொள்ளும், அளவு போச்சு. என்ஜின் தலைகீழாக ஸ்டாண்டில் இருந்தால் கிராங்க் தன் எடையில் பிளாக் பக்க ஷெல்லில் உட்கார்ந்திருக்கும், கேப் பக்கம் முழு இடைவெளியும் கிடைக்கும், பார்ப்பது சுலபம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் கிராங்க் கீழே தொங்கி கேப் பக்க ஷெல் மேலேயே உட்காரும், அப்போது வெயிட்டை ஜாக்கி வைத்து மெல்ல மேலே தாங்கிப் பிடிக்காமல் எடுக்கிற அளவு பொய். இந்த விஷயத்தை உறையில் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பது என் ஆசை.

இதில் எனக்கு அதிகம் பிடித்தது, ஒரே அளவெடுப்பில் எல்லாத் தவறையும் சேர்த்துப் பிடித்துவிடுவது. கிராங்க் கிரைண்டிங் 0.25 அண்டர் சைஸுக்கு (ஜேர்னலை இயல்பு அளவைவிட 0.25 மி.மீ. சிறிதாக அரைக்க) சொல்லியிருப்போம், அரைத்தவர் சரியாக அரைத்திருப்பார், ஆனால் பெட்டியில் 0.50 ஷெல் வந்திருக்கும். அல்லது பெட்டி சரி, ஒரு ஜேர்னல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அரைபட்டிருக்கும். அல்லது இரண்டும் சரி, கேப்புகள் இடம் மாறியிருக்கும். மெயின் கேப்புகளைப் பிளாக்கோடு சேர்த்துப் போட்டுத்தான் துளையைக் குடைந்திருப்பார்கள், ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட்டால் வட்டம் கெட்டுவிடும். இதையெல்லாம் மைக்ரோமீட்டரும் போர் டயல் கேஜும் வைத்துப் பிடிக்கலாம்தான், அது இன்னும் துல்லியமும்கூட. ஆனால் அவற்றில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக அளந்து கழித்துப் பார்க்க வேண்டும், பழக்கம் வேண்டும், அந்தக் கருவிகளும் சரியாகச் செட் செய்திருக்க வேண்டும். இந்த இழை எல்லாப் பாகமும் சேர்ந்து கடைசியில் என்ன இடைவெளி கொடுத்திருக்கிறது என்பதை நேராகக் காட்டிவிடுகிறது.

எங்கள் பட்டறைக்கு ஒரு முறை வெளியில் வேலை முடித்த டிராக்டர் வந்தது. முழு என்ஜின் வேலை முடிந்து உழவுக்குப் போன கொஞ்ச நாளிலேயே சூடு ஏறியதும் ஆயில் பிரஷர் விழுந்திருக்கிறது. விவசாயி நொந்து போய் "ஏனுங்க, பேரிங் பம்பு எல்லாமே புதுசுதானுங்க, அப்புறம் ஏனுங்க இப்படி?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். சம்பை (என்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை) கழற்றி ஒவ்வொரு மெயினாகப் பச்சை இழை வைத்துப் பார்த்தோம். மூன்று மெயின் சரியான அளவு, ஒன்றில் மட்டும் இழை நசுங்கவே இல்லை. சிவப்பு வைத்ததும் 0.1-ஐத் தாண்டியது தெரிந்தது. அந்த ஒரு ஜேர்னல் மட்டும் கூடுதலாக அரைபட்டிருந்தது. மேலே ஹெட்டையோ பம்பையோ தொட வேண்டிய வேலையே இல்லாமல் நோய் எங்கே என்று அரை நாளுக்குள் தெரிந்தது. அந்த அளவை வேலை முடித்த இடத்தில் மூடுவதற்கு முன்பே எடுத்திருந்தால் அவருக்கு உழவு நேரத்தில் வண்டி நின்றிருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும், இது எல்லாம் தெரிந்த கருவி அல்ல. இழை இருக்கிற அந்தக் கோட்டில் மட்டும்தான் இடைவெளி தெரியும். ஜேர்னல் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தது நல்ல அளவாகக் காட்டி ஏமாற்றிவிடும், கிராங்க்கை 90 டிகிரி திருப்பி இன்னொரு துண்டு வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். நசுங்கிய பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுக்கமாகவும் வந்தால் ஜேர்னல் கூம்பாக இருக்கிறது என்று அர்த்தம், அது இதில் கிடைக்கிற நல்ல தகவல். ஜேர்னலின் பளபளப்பு, ஆயில் ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, ஓரத்தில் வளைவு சரியாக விட்டிருக்கிறார்களா, இவற்றை இழை சொல்லாது, விரலும் கண்ணும்தான் சொல்ல வேண்டும். கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்க்கின் உள்ளே ஆயில் போகிற துளைகளில் அரைத்த தூள் அடைந்திருக்கும், பிளக்குகளைக் கழற்றிக் கம்பி பிரஷ் விட்டுக் கழுவாமல் மாட்டினால் இடைவெளி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அப்புறம் பழைய சரக்கு. இழை நாளாக ஆகக் காய்ந்து நொறுங்க ஆரம்பிக்கும், கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்று தெரியாத உறையை வாங்காதீர்கள், துண்டு எடுத்து வளைத்துப் பாருங்கள், ஒடிந்தால் வேண்டாம். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் இளகியும் போகும். டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள்.

இதற்கு முன் காலத்தில் ஈயக் கம்பி வைத்து அளந்தார்கள், கப்பல் என்ஜின் மாதிரிப் பெரிய பேரிங்குகளுக்கு அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. கம்பியை நசுக்கி எடுத்து மைக்ரோமீட்டரில் தடிமன் பார்ப்பார்கள். நம் சின்ன ஷெல்களுக்கு அது ஆகாது, மேலே பூசியிருக்கிற மென்மையான உலோகம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமன்தான் இருக்கும், ஈயக் கம்பி அதில் தடம் பதித்துவிடும். கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டி, அது தன் எடையில் மெல்ல இறங்குவதைப் பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்கிற பெரியவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் கை சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் உலர்ந்த ஷெல்லுக்கும் ஆயில் தடவிய ஷெல்லுக்கும் அந்த உணர்வு மாறும், 0.05-க்கும் 0.08-க்கும் வித்தியாசத்தைக் கை சொல்லாது. அந்தப் பெரியவர்களே ஒரு முறை இழையை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கிராங்க்குக்கு அவர்களாகவே கேட்டு வாங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு முக்கியமான இடத்தில் இந்த இழை கைகொடுக்காது, அது த்ரஸ்ட் பேரிங். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெயினை எல்லாம் கவனமாக அளந்துவிட்டு த்ரஸ்ட் வாஷரைச் சும்மா செருகிவிட்டுப் போகிற வேலையை நிறையப் பார்க்கிறேன்.

ஜேர்னல் பேரிங் தண்டு மேலும் கீழும் போகாமல் தாங்குகிறது. த்ரஸ்ட் பேரிங் தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது. கிராங்க்கில் ஒரே ஒரு மெயினுக்கு இரு பக்கமும் பிறை வடிவ வாஷர்கள், அல்லது ஓரம் மடித்த ஷெல், அவ்வளவுதான். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்துகிறது, அந்த அழுத்தம் பிளைவீல் வழியாக கிராங்க்கை முன்னால் தள்ளுகிறது, அதை மொத்தமாக வாங்கிக்கொள்வது இந்த வாஷர்தான். பிரச்சினை என்னவென்றால் இரண்டு தட்டையான முகங்கள் இணையாக நின்றால் ஆப்பு வடிவம் கிடைக்காது, ஆப்பு இல்லையென்றால் ஆயில் தன்னால் பிரஷர் ஏற்றிக்கொள்ளாது. வாஷர் முகத்தில் இருக்கிற காடி வழியாக வருகிற ஆயிலை வைத்து, கொஞ்ச நேரம் வருகிற பாரத்தை மட்டும்தான் அது சமாளிக்கும். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களின் வண்டியில் த்ரஸ்ட் தேய்வது இதனால்தான்.

பெரிய இயந்திரங்களில் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் அழகானது. ஆஸ்திரேலியாவில் மிட்செல் என்பவர் 1905-இல் காப்புரிமை வாங்கினார், அமெரிக்காவில் கிங்ஸ்பரி தனியாக அதே யோசனைக்கு வந்தார். தட்டையான ஒரே முகத்துக்குப் பதிலாகப் பல துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு முனையின் மேல் தானாகச் சாய்ந்துகொள்ளும். தண்டு சுற்றினால் துண்டுகள் தங்களுக்கு வேண்டிய சரிவைத் தாங்களே எடுத்துக்கொண்டு ஆப்பை உண்டாக்கிவிடும். 1912-இல் பென்சில்வேனியாவில் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 200 டன்னுக்கு மேல் பாரம் தாங்க கிங்ஸ்பரியின் பேரிங்கைப் போட்டார்கள், அது பல பத்தாண்டுகள் தாண்டியும் ஓடியது. கப்பலில் புரொபெல்லர் கொடுக்கிற தள்ளு விசை முழுவதும் ஒரு த்ரஸ்ட் பேரிங் வழியாகத்தான் கப்பலின் உடலுக்குப் போகிறது, அதாவது மொத்தக் கப்பலையும் தள்ளுவது அந்த மெல்லிய ஆயில் படலத்தின் மூலமாக. நினைத்தாலே பிரமிப்பாக இருக்கிறது.

நம் டிராக்டர் கிராங்க்கில் அந்த வசதி கிடையாது, அதனால் பொருத்தும்போது நாம்தான் கவனிக்க வேண்டும். ஆயில் காடி உள்ள முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாக்கைப் பார்த்து இருக்கக் கூடாது. திருப்பிப் போட்டால் மென்மையான உலோகம் பிளாக் பக்கம் போய்விடும், வெறும் எஃகு முகம் ஆயில் இல்லாமல் கிராங்க்கில் தேயும். அளவுக்கு டயல் கேஜை கிராங்க் முனையில் நிறுத்தி, கிராங்க்கை நெம்பி முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். பல என்ஜின்களுக்கு 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள் வரும், உங்களுடையதற்கு மேனுவல் சொல்வதே கணக்கு. டயல் கேஜ் இல்லையென்றால் ஃபீலர் கேஜ் போதும். ஓடிக்கொண்டிருக்கிற பழைய வண்டியில் சந்தேகம் வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புல்லி முன்னே வந்து போனால் தள்ளிப் போடாதீர்கள். வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கையே அறுக்க ஆரம்பிக்கும், அதற்கப்புறம் செலவு வேறு ரகம்.

மறுபடியும் இழைக்கு வருகிறேன். அளவெடுத்து முடித்ததும் நசுங்கிய மெழுகை நகத்தாலோ ஸ்குரூ டிரைவராலோ சுரண்டாதீர்கள், ஆயில் நனைத்த துணியால் தேய்த்தால் போய்விடும். பிறகு ஷெல்லின் உள்முகம் முழுக்க, ஜேர்னலிலும் தாராளமாக ஆயில் தடவித்தான் மூட வேண்டும். மெயினில் காடியும் ஓட்டையும் உள்ள ஷெல் பிளாக் பக்கம், காடி இல்லாத ஷெல் கேப் பக்கம் வருவதுதான் வழக்கமான அமைப்பு. மாற்றிப் போட்டால் ஆயில் வருகிற வழியே அடைபட்டுவிடும், இடைவெளி மட்டும் பிரமாதமாகக் காட்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டீசல் போகாமல், ஆயில் கேஜில் முள் எழும்பும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றுங்கள். புது ஷெல் அதிகம் அடிபடுவது அந்த உலர்ந்த முதல் சில சுற்றுகளில்தான்.

எதை வாங்குவது? சொந்தமாக ஒரு டிராக்டரோ காரோ பிரித்துச் செய்கிறவருக்குப் பச்சை ஒன்று போதும், ஏறக்குறைய ஒரு அடி நீளம் வரும், துண்டு துண்டாக வெட்டினால் எல்லா மெயினுக்கும் பிக் எண்டுக்கும் போதும். நசுங்கிய துண்டு திரும்ப உதவாது, அதனால் மறு அளவுக்கும் சேர்த்துக் கணக்கிட்டு வெட்டுங்கள். தினமும் வேலை வருகிற பட்டறை என்றால் பச்சையோடு சிவப்பும் வைத்துக்கொள்ளுங்கள், தேய்ந்து வருகிற பழைய என்ஜினில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு எதிரிலேயே காட்டலாம், பட்டையையும் கோட்டையும் அவரே பார்த்தால் பிறகு விலை பேசுவதும் எளிது. நீலம், பெரிய கம்ப்ரஸர், மெதுவாகச் சுற்றுகிற பழைய பெரிய டீசல் என்ஜின் வேலை செய்பவர்களுக்கு மட்டும். கடையில் கேட்கும்போது பிளாஸ்டிகேஜ் என்ற பெயரோடு நிறத்தையும் சொல்லிக் கேளுங்கள், தரும் உறையின் மேல் மில்லிமீட்டர் அளவுகோல் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள், அளவுகோல் மங்கலாக இருந்தால் உள்ளே இருக்கிற இழை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு உபயோகமில்லை.